பலகை நிறைந்தது

மேலே கழிப்பறை கிடையாது. பேராலயக் குவிமாடத்தில் ஏற விரும்பி எழுதுகிற எல்லோருக்கும் நான் முதலில் அனுப்பும் பதில் இதுதான், மரெஷாலோ. முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். லிஃப்ட் இல்லை. வழியில் உட்கார இடமில்லை. காலையில் ஒரு காபியோடு நிறுத்திக்கொண்டு வாருங்கள் என்று எழுதுவேன். பாதிப் பேர் கேட்பதில்லை.

நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தது ஒரு புகார் கொடுக்க. குவிமாடத்தின் உள்நடையில் சுவரைச் சேதப்படுத்தியிருக்கிறார்கள், அதை எழுதிக்கொள்ளுங்கள் என்று காலை எட்டு மணிக்கு வந்து சொன்னேன். நீங்கள் மேலே போய்ப் பார்த்தீர்கள். திரும்பி வந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தீர்கள். இப்போது "முதல்லேர்ந்து சொல்லு, உபால்தோ, ஒண்ணையும் விடாதே" என்கிறீர்கள். சரி, சொல்கிறேன். எனக்கு அவசரமில்லை.

இந்த வேலைக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. குவிமாடக் காவலன் என்று பேர். காவலை விடக் கழுவுவதுதான் அதிகம். மறுமலர்ச்சிக் காலத்தைப் பார்க்க வருகிறோம் என்று எழுதுவார்கள். வந்து அதன் மேல் எச்சில் துப்புவார்கள். படிக்கட்டுக் கைப்பிடியை நான் தினமும் வினிகர் போட்டுத் துடைக்கிறேன். துணி கறுப்பாக வரும். அது தூசி இல்லை. ஒரு நாளில் முந்நூறு உள்ளங்கைகள் விட்டுப்போன எண்ணெய். சூயிங்கம்மைச் சுரண்டி எடுப்பதற்கென்று ஒரு மழுங்கிய கத்தி வைத்திருக்கிறேன். சிலவற்றில் பல் பதிந்த அடையாளம் அப்படியே இருக்கும். வளைவுகளில் மூத்திரம் போயிருப்பார்கள், பெரியவர்கள்தான். சுவரில் சாய்ந்த தலைகள் வட்ட வட்டமாகக் கறை வைத்திருக்கும். நடுவில் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கையுறை போட்டுத்தான் எடுப்பேன். வீட்டுக்குப் போய் முழங்கை வரை மூன்று முறை சோப்புப் போடுவேன். அதற்குப் பிறகுதான் ரொட்டியைத் தொடுவேன்.

தோன் எலீஜோ சிரிப்பார். பங்குச் சாமியார் என்பதால் அவருக்கு எல்லோர் மீதும் அன்பு. "கோயில்னா ஜனங்க வரத்தான் செய்வாங்க, உபால்தோ. நீ கேக்கற மாதிரி சுத்தமான பக்தன் வேணும்னா கல்லறைத் தோட்டத்துலதான் தேடணும்" என்பார். அவர் துடைப்பத்தைத் தொட்டவர் இல்லை.

பலகையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நீங்கள் எழுதுவது வெளியூர் நீதிபதிக்குப் போகும். அதனால் சொல்கிறேன். அடிவாசலில் ஓர் ஓக் பலகை, அதில் நாற்பது ஆணிகள், ஒவ்வொன்றிலும் எண் பொறித்த ஒரு பித்தளை வில்லை. மேலே போகிறவர் ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். இறங்கியதும் ஆணியில் திருப்பி மாட்டுவார். நம் முப்பாட்டன் காலத்தில் ஒரு மணப்பெண் ஓர் இரவு முழுக்க மேலே பூட்டிக் கிடந்தாளாம். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு. மாலையில் நான் எண்ணி "நாப்பது" என்று உரக்கச் சொல்ல வேண்டும். கீழே நிற்கிற சாமியார் "ஆண்டவருக்கு நன்றி" என்று சொல்ல வேண்டும். பிறகுதான் பூட்டு. ஒன்று குறைந்தால் ஊரே ஏறும். நம் ஊர் ரொக்கால்வானாவில் யாரும் இதைக் கேள்வி கேட்டதில்லை. மதுக்கடைக்குள் நுழைந்தால் என்னை "பலகை நெறைஞ்சுதா?" என்றுதான் கேட்பார்கள், சாப்பிட்டாயா என்று கேட்பது போல.

இனி அந்த நடை. குவிமாடத்துக்கு இரண்டு ஓடு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இடையில் ஓர் ஆள் பக்கவாட்டில் போகிற அகலத்துக்கு நடை வளைந்து போகிறது. முன்பு எல்லோரும் அந்த வழியாகத்தான் ஏறினார்கள். தொண்ணூற்றேழில் நிலம் நடுங்கிய பிறகு வடக்குப் பகுதியை மூடி, அங்கிருந்த சன்னல் ஓட்டையையும் அடைத்து, இரும்புத் தகடு அடித்த கதவு வைத்தார்கள். சாவி என்னிடம் மட்டும். வாரத்தில் ஒரு நாள் உள்ளே போய்ப் பெருக்குவேன். வேறு யாரும் போவதில்லை. அதன் உள்ளே, நெஞ்சு உயரத்தில், விரல் நீள எழுத்துகளில் எழுதியிருந்தது: ஒத்தாவியோ, நீவெஸ், 1974.

யாரும் பார்க்காத எழுத்துதானே என்று கேட்பீர்கள். நான் பார்த்தேன். இருபத்தாறு வருடம், வாரம் ஒரு முறை. ஐந்நூறு வருடத்துக்கு முன்பு ஒருவன் கரண்டியால் இழைத்துப் பூசிய காரை அது. அந்த எழுத்துகளின் பள்ளத்தில் அழுக்கு சேர்ந்து கறுத்திருக்கும், நகக்கண்ணில் சேர்வது போல. ஒவ்வொரு முறையும் நான் நினைப்பேன், இந்த ஒத்தாவியோ இப்போது எங்கோ உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான் என்று.

நவம்பரில் அவரே கடிதம் எழுதினார்.

பெயர் ஒத்தாவியோ ப்ரெஸ்தி. வயது அறுபத்துமூன்று. தூரினில் இருந்து எழுதியிருந்தார். மனைவி வசந்த காலத்தில் இறந்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்பு இருவரும் உங்கள் குவிமாடத்தில் ஏறினோம், ஸ்கூட்டர் சாவியால் சுவரில் பெயர் எழுதினோம், அது தப்பு என்று தெரியும், மன்னியுங்கள், ஆனால் அதை ஒரு முறை பார்க்க வேண்டும். இப்படிப் போனது கடிதம். அதை ஒரு தடவை தொட்டு, அவள் பெயரை முத்தமிட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று முடித்திருந்தார்.

நான் அந்த வரியை இரண்டு முறை படித்தேன். வாய். அந்தச் சுவரில் ஒரு கிழவனின் ஈர வாய்.

முடியாது என்று எழுதியிருக்கலாம். எழுதினால் அவர் தோன் எலீஜோவுக்கு எழுதுவார். சாமியார் கண் கலங்கி அவரைக் கைபிடித்து மேலே கூட்டிப்போவார். அப்புறம் ஊருக்கே சொல்வார். அடுத்த மாதம் ஐம்பது ஜோடி சாவியோடு வரும். ஆகவே நான் நல்லபடியாகப் பதில் எழுதினேன். அந்த வாரமே சுண்ணாம்பும் பளிங்குத் தூளும் குழைத்து எழுத்துகளை நிரப்பினேன். மூன்று நாள் வேலை. காய்ந்ததும் ஈரத் துணியால் இழைத்தேன். இடத்தைக் காட்டச் சொன்னால் என்னாலேயே காட்ட முடியாது. அவ்வளவு சுத்தம்.

அதன் பிறகு அவருடைய வருகையை நாங்கள் இருவருமாகத் திட்டமிட்டோம். ஆறேழு கடிதங்கள் போய் வந்தன, எல்லாம் அலுவலகக் கணினியில் இருக்கின்றன, படித்துப் பாருங்கள். மரியாதைக் குறைவாக ஒரு சொல் இருக்காது. எந்த நாள் கூட்டம் குறைவு என்று கேட்டார். ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள் என்று சொன்னேன். அன்று எல்லோரும் வீட்டில் விருந்தில் இருப்பார்கள். மறுநாளிலிருந்து படிகளில் பனி உறைவதால் பிப்ரவரி இரண்டு, மெழுகுதிரித் திருநாள் வரை குவிமாடம் மூடியிருக்கும், ஆகவே அதுதான் கடைசி நாள் என்றும் எழுதினேன். கடைசி முறை மூன்றரை மணி. ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ. பையும் போனும் கீழே பெட்டியில் வைக்க வேண்டும், மேலிருந்து போன் விழுந்து கீழே ஒருவர் மண்டை உடைந்ததிலிருந்து விதி. டார்ச் ஒன்று கொண்டுவரலாம். சுவரில் எதுவும் எழுதக் கூடாது. மேலே கழிப்பறை கிடையாது.

"இவ்வளவு அக்கறையா யாரும் எனக்கு இப்பல்லாம் எழுதறதில்ல" என்று பதில் போட்டிருந்தார்.

அன்று சரியான நேரத்துக்கு வந்தார். குட்டையான மனிதர். சளி பிடித்திருந்தது. கைக்குட்டையை மடித்து மடித்து அதே ஈரத்தில் மறுபடி மூக்கைச் சிந்தினார். அந்தக் கையாலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு ஒரு பெட்டி சாக்லேட் கொண்டுவந்திருந்தார்.

"தூரின்லேர்ந்து வெறுங்கையோட வந்தா நீவெஸ் கனவுல வந்து திட்டுவா" என்றார். "நீங்கதான் உபால்தோவா? கடுதாசியப் பாத்து நான் ஒரு வயசான வாத்தியார்னு நெனச்சேன்."

பதினேழாம் எண் வில்லையை மாட்டிவிட்டேன். படி ஏறும்போது அவர் கைப்பிடியை விடவே இல்லை. நான் பின்னால் வந்தேன். அவர் கை பட்ட இடமெல்லாம் ஈரமாக மினுங்கியது. நூறாவது படியில் நின்றார்.

"மூச்சு வாங்குதுய்யா. அன்னைக்கு இதே படியில அவளத் தூக்கிக்கிட்டு ஏறினேன்னா நம்புவீங்களா?"

"இல்லை" என்றேன்.

"நம்பாதீங்க. பத்துப் படிதான் தூக்கினேன். அப்பறம் அவதான் என்னத் தள்ளிக்கிட்டு ஏறினா." சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. வாயைப் பொத்தவில்லை.

மேலே நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் இறங்கும் வரை காத்திருந்தோம். பிறகு கதவைத் திறந்தேன். வில்லையைக் கழற்றித் தரச் சொன்னேன். நடை குறுகல், பித்தளை சுவரில் உரசும் என்றேன். அது உண்மைதான், உரசும். அவர் உடனே கழற்றிக் கொடுத்தார்.

"நெஞ்சு உயரத்துல, சன்னல் ஓட்டைக்குப் பக்கத்துல. ஞாபகம் இருக்கு. நீங்க இங்கயே இருங்க, உபால்தோ. நான் கொஞ்சம் அழுவேன், நீங்க பாக்கக் கூடாது."

டார்ச்சோடு உள்ளே போனார். சுவரைத் தடவிக்கொண்டே போகும் சத்தம் கேட்டது. முழு உள்ளங்கையால் தடவினார். இப்படியும் அப்படியும் போனார். வளைவுக்கு அப்பாலிருந்து கேட்டார்.

"இங்கதான இருக்கணும்? ஒரு எழுத்துகூடக் காணோமே."

"தேடிப் பாருங்கள்" என்றேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் எண்ணெய் போட்டது, சத்தம் வராது.

அரை மணி நேரம்தான் நினைத்திருந்தேன். இதை அப்படியே எழுதுங்கள். அவர் ஒவ்வோர் அங்குலமாகத் தேட வேண்டும், அந்தச் சுவரில் தனக்கு இடமே இருந்ததில்லை என்று அவருக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். கீழே வந்தேன். பதினேழை அதன் ஆணியில் மாட்டினேன். நாற்பதும் இருந்தன. தோன் எலீஜோ குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எவ்வளவுய்யா? சூப் ஆறுது."

"நாப்பது" என்றேன்.

"ஆண்டவருக்கு நன்றி. பூட்டு, வா."

பலகை நிறைந்தால் பூட்ட வேண்டும். அதுதான் விதி. நான் அதை ஏற்படுத்தவில்லை.

பெட்டியில் அவர் பையும் போனும் இருந்தன. மறந்துவிட்ட பொருள்களைச் சீட்டு ஒட்டி அலமாரியில் வைப்பது வழக்கம். வைத்தேன். மறுநாள் காலைப் பூசை நேரத்தில் போன் அலமாரிக்குள் ஏதோ ஒரு ஆட்டப் பாட்டைப் பாடிக்கொண்டே இருந்தது. கோயில் என்பதால் அதை அணைத்தேன். சாக்லேட்டை வீசிவிட்டேன். பெட்டியின் மூடியில் விரல் தடம் இருந்தது.

எட்டாம் தேதி பூசைக்குப் பிறகு தோன் எலீஜோ என்னைக் கூப்பிட்டார்.

"மேல என்னமோ தட்டற சத்தம். நான் அப்பத்தைத் தூக்கறப்ப டொக்கு டொக்குன்னு. நேத்தும் கேட்டுச்சு."

"புறாவா இருக்கும், சாமி."

"புறா செருப்புப் போட்டுக்கிட்டா நடக்கும்? போய்ப் பாருய்யா."

போனேன். சாவியை எடுத்துக்கொண்டுதான் போனேன். திறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை என்று சொல்லியிருப்பேன். அவரும் நம்பியிருப்பார், அப்படிப்பட்ட ஆள். கதவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். முதலில் வாடை வந்தது. மூத்திரமும் அதைவிடக் கேவலமானதும். இரண்டு நாளில் ஒரு மனிதன் ஓர் இடத்தை என்ன செய்துவிடுகிறான் பாருங்கள். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு சாவியைத் துளையில் வைத்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. உலோகத்தால் சுவரைச் சுரண்டும் சத்தம். அதை நான் வேறு எதுவாகவும் நினைக்க முடியாது. இருபத்தாறு வருடமாக என் கையில் கேட்கிற சத்தம். நிதானமாக, ஒரு கோடு, பிறகு ஒரு கோடு. அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

சாவி உரசியிருக்க வேண்டும். சுரண்டல் நின்றது.

"யாராவது இருக்கீங்களா?" குரல் கட்டிப்போயிருந்தது. "உபால்தோ?"

நான் சாவியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் மறுபடி சுரண்டத் தொடங்கினார். நான் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"புறாதான், சாமி" என்றேன்.

"வெரட்டினியா?"

"தானாப் போயிடும்."

ஒன்பதாம் தேதி அவருடைய மகள் மிரெல்லா வந்தாள். நீங்களும் கூட வந்தீர்கள். அவள் அழுது அழுது மூக்கு வீங்கி நின்றாள், அப்பாவைப் போலவே கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு. "ஆறாம் தேதி இங்க வர்றதாச் சொன்னாரு. ரெண்டு மாசமா இதே பேச்சு. உபால்தோ இப்படி எழுதினாரு, உபால்தோ அப்படி எழுதினாருன்னு" என்றாள். வந்தார், ஏறினார் என்று சொன்னேன். அதற்குமேல் நீங்கள் என்னைக் கேட்கவில்லை. பலகையின் முன்னால் போய் நின்று விரல் வைத்து எண்ணினீர்கள். ஒரு தடவை எண்ணிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினீர்கள். "முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது. பலகை நெறைஞ்சிருக்கும்மா. உங்கப்பா கீழ எறங்கிட்டாரு" என்றீர்கள்.

"நான் எங்கப்பா எங்கன்னு கேக்கறேன், நீங்க பித்தளைய எண்ணிக் காட்டறீங்க" என்றாள் அவள்.

வெளியூர்க்காரி, அவளுக்குத் தெரியாது. நீங்கள் அவளைத் தோளில் தட்டி அழைத்துப்போனீர்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் ஆற்றுப் பள்ளத்தில் நாயை விட்டுத் தேடினீர்கள். அன்று மேலே அவர் இன்னும் உயிரோடு இருந்தார் என்று உங்கள் டாக்டர் கணக்குச் சொல்கிறார் என்றால், அது அவர் வேலை. நான் உங்களைக் குறை சொல்லவில்லை, மரெஷாலோ. இந்த ஊரில் பிறந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

பத்தாம் தேதிக்கு மேல் சத்தம் இல்லை. பன்னிரண்டு நாள் கடும் பனி. நான் போகவில்லை. போக வேண்டிய அவசியம் இல்லை, மூடிய காலம்.

இன்று மெழுகுதிரித் திருநாள். பத்து மணிக்குத் திறக்க வேண்டும். விடிந்ததும் வாளியும் வினிகரும் கையுறையும் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தேன். உள்ளே இருந்ததைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே பார்த்தீர்கள். குளிர் இருந்ததால் பரவாயில்லை. மூலையில் ஒதுங்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார். கையில் பெல்ட் பக்கிள். நகங்களைப் பார்க்க முடியவில்லை.

நான் சுவரைப் பார்த்தேன். சன்னல் ஓட்டையிலிருந்து வளைவு வரை நீவெஸ், நீவெஸ், நீவெஸ் என்று ஒன்பது இடத்தில் எழுதியிருந்தார். டார்ச் தீர்ந்துபோன பிறகு இருட்டில் எழுதியிருக்க வேண்டும், ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. பழைய எழுத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் புதிதாக எழுதிக்கொண்டார் போல. அதற்குக் கீழே, நேராக, பெரிய எழுத்தில் மூன்று வரி:

உபால்தோ மேல தப்பு இல்ல. மறந்துட்டாரு. அவர ஒண்ணும் செய்யாதே, மிரெல்லா.

நீங்கள் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் அளந்துகொண்டிருந்தேன். மூன்று மில்லிமீட்டர் ஆழம், சில இடத்தில் நாலு. அந்த ஆழத்தில் சுண்ணாம்பு நிற்காது. காய்ந்தால் வெடிக்கும். அடியோடு பெயர்த்துத்தான் புதுக் காரை பூச வேண்டும். பிறகு அது பழைய சுவர் இல்லை.

ஆம், கதவைச் சாத்தியது நான். வில்லையை மாட்டியது நான். எட்டாம் தேதி சாவியைத் துளையில் வைத்துவிட்டு எடுத்ததும் நான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன், காகிதத்தை இப்படித் தள்ளுங்கள். ஆனால் நான் கொடுக்க வந்த புகார் அப்படியே இருக்கிறது. எழுதக் கூடாது என்று கடிதத்திலேயே சொல்லியிருந்தேன். இப்போது அந்தச் சுவரில் என் பெயரும் கிடக்கிறது, மரெஷாலோ. அதை எழுதியது நான் இல்லை என்பதை மட்டும் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.